கைக்கு எவ்வளவு வரும்?

வெளிநாட்டுப் பயணத்தில் பணம் மாற்றுவது, கையாள்வது பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆதங்கம்தான்: "நான் ஏமாந்துவிட்டேனா?" சென்னை மண்ணடியில் பணம் மாற்றும் கவுன்டருக்குப் பின்னால் 11 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அப்புறம் பயணியாக அதே கவுன்டருக்கு முன்னால் நின்றும் பார்த்தாயிற்று. இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம். முதல் தடவையாகத் தனியாகப் போகிறேன். "ஏர்போர்ட்டிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், கமிஷன் கிடையாது என்று போர்டே வைத்திருக்கிறார்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

வேண்டாம்மா. அந்த போர்டு பொய் இல்லை, கமிஷன் வாங்க மாட்டார்கள்தான், ஆனால் கடைக்காரரின் வருமானம் கமிஷனில் இல்லை, ரேட்டில் இருக்கிறது. எந்தக் கவுன்டருக்குப் போனாலும் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு எண்கள் எழுதியிருப்பார்கள். ஒன்று, அவர்கள் நம்மிடம் வாங்கும் விலை. இன்னொன்று, நமக்கு விற்கும் விலை. நீங்கள் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வாங்கப் போகிறீர்கள் என்றால் பெரிய எண்தான் உங்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கடையின் லாபம். ஊருக்குள் இருக்கும் கடையில் இந்த இடைவெளி குறைவு, ஏர்போர்ட்டில் அகலம், ஏனென்றால் அங்கே வாடகை அதிகம், வருகிறவருக்கோ வேறு வழியும் இல்லை, நேரமும் இல்லை.

பேச்சுக்கு ஒரு கணக்கு போடுவோம். கூகுளில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி 70 ரூபாய் என்று காட்டுகிறது என்று வையுங்கள். ஊர்க் கடையில் 71-க்குத் தருகிறார், ஏர்போர்ட்டில் 75. 1,000 வெள்ளி வாங்கினால் 4,000 ரூபாய் வித்தியாசம். பேரக்குழந்தைக்கு ஒரு கொலுசு வாங்கிவிடலாம். இதற்கு ஜிஎஸ்டி எவ்வளவு என்று பலர் பயப்படுகிறார்கள். 1 லட்சம் ரூபாய்க்குள் மாற்றினால், தொகையில் 1 சதவீதத்தைக் கணக்கில் எடுத்து அதன் மேல்தான் 18 சதவீதம் போடுவார்கள், குறைந்தபட்ச வரி 45 ரூபாய். 71,000 ரூபாய்க்கு வரி 128 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வரியை நினைத்துக் கவலைப்படாதீர்கள், ரேட்டை நினைத்துக் கவலைப்படுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரே நாள் காலையில் மூன்று கடைகளுக்குப் போன் போடுங்கள். "ரேட் என்ன?" என்று கேட்காதீர்கள். "எனக்கு 500 வெள்ளி வேண்டும், எல்லாம் சேர்த்து நான் எவ்வளவு கொடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. போர்டில் இருப்பது கடைசி விலையும் இல்லை, கேட்டால் பத்துப் பைசா, இருபது பைசா குறைப்பார்கள், தயங்காமல் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் மூன்றும் கொண்டுபோங்கள், ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாது, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இன்னொன்று. மகள் அங்கே இருக்கிறார், எதற்கு 1,000 வெள்ளி? 200, 300 போதும், அதையும் 10, 50 வெள்ளி நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். 1,000 வெள்ளி நோட்டு கொடுத்தால் வாங்காதீர்கள், அதைச் சிங்கப்பூர் 2021 ஜனவரியிலிருந்து அச்சிட்டு வெளியிடுவதில்லை. செல்லும் என்றாலும் சின்னக் கடையில் யார் சில்லறை கொடுப்பார்கள்? கையில் இந்திய ரூபாயாக 25,000 வரை எடுத்துப் போக அனுமதி உண்டு, சிராங்கூன் சாலைப் பக்கம் இருக்கும் மணி சேஞ்சர்கள் நம் நோட்டை வாங்குவார்கள். தேவைப்பட்டால் மகளோடு போய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையாக புரூணை நாட்டு நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். வெளிநாட்டுக்காரன் என்று தள்ளிவிட்டார்களா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

இல்லை, நீங்கள் ஏமாறவில்லை. 1967-லிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, புரூணை டாலரும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சமம், சிங்கப்பூர்க் கடைகளில் அது புழங்கும். ஆனால் நம் ஊர் கவுன்டரில் அந்த நோட்டை நீட்டினால் தயங்குவார்கள். அடுத்து யாராவது சிங்கப்பூர் போனால் கொடுத்தனுப்புங்கள்.

நண்பர்கள் ஆறு பேர் பாங்காக், பட்டாயா போகிறோம், 5 நாள். தாய்லாந்துப் பணமான 'பாட்' இங்கேயே வாங்குவதா, டாலராகக் கொண்டுபோவதா, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், திருச்சி

ஆளுக்கு ஒன்று சொல்வதில் கொஞ்சம் கொஞ்சம் எல்லாமே சரி. முதல் நாள் டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் ஆளுக்கு 2,000, 3,000 பாட் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். மீதியை 100 டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். பாங்காக்கில் டாலருக்கு ஒரே ரேட் கிடையாது, 100 டாலர் நோட்டுக்கு ஒரு ரேட், 50-க்குக் கொஞ்சம் குறைவு, 1, 5, 10, 20 டாலர் நோட்டுகளுக்கு இன்னும் குறைவு. நம் ஊரில் "சில்லறையாக வாங்கிப் போ, வசதி" என்பார்கள், அங்கே அதுவே நஷ்டம்.

டாலர் வாங்கும்போது ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்பில் கிழிசல், பேனாக் கிறுக்கல், யாரோ ரப்பர் ஸ்டாம்ப் குத்திய தடம், இவை எல்லாம் இங்கே சரி சரி என்று வாங்கிவிடுவோம், அங்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தலைவர் படம் சின்னதாக இருக்கும் பழைய 'சின்னத் தலை' டாலர் வேண்டவே வேண்டாம். நடுவில் நீலப் பட்டை ஓடும் 100 டாலர் 2013 அக்டோபரில் வந்தது, அதையே கேளுங்கள். கவுன்டரில் இருப்பவர் முணுமுணுத்தாலும் மாற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் உட்கார்ந்திருந்த கவுன்டரில், பார்த்து வாங்குகிறவருக்கு நல்ல நோட்டுதான் போகும், பார்க்காதவருக்குத்தான் அழுக்கு நோட்டு போகும். அதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனால் உண்மை.

பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கண்ணில் படும் கவுன்டர்களில் நிற்காதீர்கள். கீழ்த்தளத்தில், நகரத்துக்குள் போகும் ரயில் நிலையத்தின் பக்கம் வரிசையாக மாற்றும் கடைகள் இருக்கின்றன, ரேட் நன்றாக இருக்கும். பாஸ்போர்ட் கேட்பார்கள்.

ஏடிஎம்மில் எடுத்தால் அங்குள்ள வங்கி வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடித்துக்கொள்ளும், அதன் மேல் உங்கள் வங்கியின் கட்டணம் வேறு. 1,000 பாட் எடுக்க 220 கொடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று பாருங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே தடவையில் பெரிய தொகையாக எடுத்து ஆறு பேரும் பிரித்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்காதீர்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஃபாரெக்ஸ் கார்டு நல்லதுதான், ஆனால் ஒரு சூட்சுமம். கார்டில் டாலர் ஏற்றிக்கொண்டு பாட் கணக்கில் செலவு செய்தால் ஒரு நாணயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதாக 3, 3.5 சதவீதம் வெட்டிவிடும் கார்டுகள் நிறைய உண்டு. போகிற நாட்டின் பணத்தையே ஏற்ற முடிந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

துபாயில் ஒரு மாலில் 400 திர்ஹாமுக்குப் பொருள் வாங்கினேன். கார்டு மெஷினில் "ரூபாயா, திர்ஹாமா?" என்று கேட்டது. நம் பணம்தானே என்று ரூபாயை அழுத்தினேன். தப்பா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியே அப்படி அழுத்த வைக்கத்தான் கேட்கப்படுகிறது. புரியாத ஊரில், புரியாத மெஷினில், நம் ரூபாய் அடையாளத்தைப் பார்த்ததும் யாருக்கும் ஒரு நிம்மதி வரும். ஆனால் ரூபாயை அழுத்தினால் அந்த இடத்திலேயே கடையின் வங்கி தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டு மாற்றிவிடுகிறது. திர்ஹாமை அழுத்தியிருந்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்களின் ரேட்டில் மாறியிருக்கும், அது சந்தை ரேட்டுக்கு மிக நெருக்கமாக இருக்கும். பிறகு உங்கள் வங்கி அதன் மார்க்அப்பை, அதாவது வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் கட்டணத்தை, போடும். ரூபாயில் கட்டினால் மார்க்அப் தப்பிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் இல்லை, வெளிநாட்டில் ரூபாயில் கட்டினாலும் தனியாக ஒரு கட்டணம் போடும் வங்கிகள் நம் ஊரில் பல.

நம் ஊர்க் கார்டுகளில் இந்த மார்க்அப் பரவலாக 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். 10,000 ரூபாய்க்கு 413 ரூபாய். மார்க்அப் குறைவாக உள்ள கார்டுகளும் இருக்கின்றன, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள்.

இனிமேல் எங்கே கேட்டாலும் அந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள். கடைக்காரர் நம்மைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டால், பின் நம்பர் போடுவதற்கு முன்னால் நிறுத்தி, ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான். ஏடிஎம்மில் இதே கேள்வி வேறு உடையில் வரும்: இந்த ரேட்டை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று. மறுத்தால் பணமே வராது என்று பயந்து பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். மறுத்தாலும் பணம் வரும், உங்கள் வங்கியின் ரேட்டில் வரும்.

கார்டைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். 2020-க்குப் பிறகு கொடுத்த கார்டுகள் வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது, வங்கி ஆப்பில் போய் நாம்தான் திறந்துவிட வேண்டும். அதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். அங்கே போய் இறங்கி, இந்திய சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போட்ட பிறகு ஆப் திறக்காது, ஓடிபி வராது, கையில் கார்டு இருந்தும் பட்டினி என்று நிற்க வேண்டி வரும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகிறோம். இலங்கையில் யுபிஐ வந்துவிட்டதாமே, பணமே வேண்டாமா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

வந்தது உண்மை, 2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையிலும் மொரீஷியஸிலும் ஒரே நாளில் தொடங்கினார்கள். உங்கள் ஆப்பில் வெளிநாட்டு யுபிஐயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், உங்கள் வங்கி அதற்கு இடம் கொடுக்க வேண்டும், கடையில் அதற்கான கியூஆர் இருக்க வேண்டும், போனில் நெட் வேண்டும். இந்த நான்கும் ஒன்றாகச் சேரும் பெரிய கடைகளில் பயன்படுத்துங்கள். ஆட்டோவுக்கும், கோயில் வாசலில் பூ வாங்கவும், வழியில் டீ குடிக்கவும் இலங்கை ரூபாய் கையில் இருக்கட்டும்.

மலேசியா போகிறேன். "கடைக்கு எதற்குப் போகிறாய், ரூபாயை இங்கே என்னிடம் கொடு, கோலாலம்பூரில் என் தம்பி ரிங்கிட்டாகக் கொடுத்துவிடுவான், ரேட்டும் நல்ல ரேட்" என்கிறார் ஊர்க்காரர். தெரிந்தவர்தான். செய்யலாமா?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

செய்யாதீர்கள். இதற்குப் பெயர் உண்டியல். பேச இனிமையாக இருக்கும், ஊருக்குள் தலைமுறையாக நடந்திருக்கும், உங்களைக் கேட்டவர் நல்ல மனிதராகவும் இருப்பார். ஆனால் 1999-இல் வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, அனுமதி பெற்றவரைத் தவிர வேறு யாரிடமும் இப்படி மாற்றக் கூடாது. மாட்டினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். உங்களுக்கு மிஞ்சப்போவது சில நூறு ரூபாய். தம்பி அன்றைக்குப் போனை எடுக்கவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ரசீது இல்லை, சாட்சி இல்லை. கொடுத்த ரிங்கிட்டில் ஒரு நோட்டு கள்ளநோட்டாக இருந்தால் அதைக் கடையில் நீட்டுகிற கை உங்களுடையது.

இதோடு சேர்த்து இன்னொரு எச்சரிக்கை. திருச்சி, சென்னை விமான நிலையங்களில் "இந்தக் கவரை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், வெளியே ஆள் நிற்பான்" என்று யாராவது கெஞ்சினால், எவ்வளவு பாவமாக இருந்தாலும் வாங்காதீர்கள். குருவி வேலைக்கு, அதாவது கடத்தல் பொருளைச் சுமந்து போவதற்கு, ஆள் பிடிப்பது இப்படித்தான் ஆரம்பிக்கும். உங்கள் பையில் இருப்பது உங்கள் பொருள் என்றுதான் சுங்கத்துறை எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு பணம் எடுத்துப் போகலாம்? மீதியை என்ன செய்வது?
– நான்கைந்து ஊர்களிலிருந்து வந்த ஒரே கேள்வி

பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக வாங்கலாம், அதற்கு மேல் வேண்டியதைக் கார்டில்தான் ஏற்ற வேண்டும். எல்லா வழியிலும் சேர்த்து ஒரு நிதியாண்டுக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை வரம்பு. திரும்பி வரும்போது கையில் வெளிநாட்டு நோட்டு 5,000 டாலர் மதிப்புக்கு மேல் இருந்தால் சுங்கத்தில் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழையும்போதோ வெளியேறும்போதோ 20,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் அங்கேயும் சொல்ல வேண்டும்.

மிஞ்சியதில் 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக நீங்களே வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் உள்ளதைத் திரும்பி வந்த 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். நாணயங்களை எந்தக் கவுன்டரிலும் வாங்க மாட்டார்கள், கடைசி நாள் தண்ணீர் பாட்டில், டீ, பஸ் என்று தீர்த்துவிடுங்கள். மறுபடி போகிற ஊர் என்றால் நோட்டை மாற்றவே வேண்டாம், இங்கே அந்தச் சின்ன எண்ணுக்கு விற்று, ஆறு மாதம் கழித்துப் பெரிய எண்ணுக்கு வாங்குவானேன்?

வியட்நாமில் இளநீருக்கு 20,000 டாங் என்று நினைத்து 5,00,000 நோட்டைக் கொடுத்துவிட்டேன். எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று இன்னும் ஆறவில்லை.
– ஒரு வாசகர், கோவை

ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அந்த இரண்டு நோட்டும் நிஜமாகவே குழப்பும். இரண்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம், இரண்டும் வழவழப்பான பிளாஸ்டிக் நோட்டு. ஒன்று நம் பணத்தில் நூறு ரூபாய்கூட இல்லை, இன்னொன்று 1,500-க்கும் மேல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 5,00,000 நோட்டு நீளமாக இருப்பது தெரியும், வெயிலில் வியர்த்த கையோடு நிற்கும்போது எங்கே தெரியும்? 5,00,000 நோட்டுகளை மட்டும் தனிப் பையில் வையுங்கள், பர்ஸில் அது இருக்கவே கூடாது. புது நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுங்கள்.

எண்ணுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தோனேசியாவின் பாலித் தீவில் குட்டா பக்கம் ஒரு சந்துக் கடையில், போர்டில் ஊரிலேயே நல்ல ரேட். என்னோடு வந்தவர் 100 டாலர் கொடுத்தார். கடைக்காரர் 50,000 ருப்பியா நோட்டுகளாக மேஜையில் நாலு நாலாக அடுக்கி எண்ணினார், நாங்களும் எண்ணினோம், சரியாக இருந்தது. "இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்" என்று எல்லாவற்றையும் திரட்டி ஒரு தட்டு தட்டி நீட்டினார். அந்தத் தட்டிலேயே நாலு நோட்டு மேஜைக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. ஹோட்டலுக்குப் போய்த்தான் தெரிந்தது. அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது: கடைசியாக எண்ணுகிற கை உங்கள் கையாக இருக்கட்டும், எண்ணிய பிறகு நோட்டு மறுபடி அவர் கைக்குப் போகக் கூடாது. போனால் முதலிலிருந்து எண்ணுங்கள். அவர் எரிச்சல்பட்டால் டாலரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அம்மாவை மக்காவுக்கு உம்ரா பயணம் அழைத்துப் போகிறேன். ரியால் ரேட் இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா? அம்மா கையில் பணம் கொடுக்கலாமா, கூட்டத்தில் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், கீழக்கரை

சவூதி ரியால் 1986-லிருந்து டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது, ஒரு டாலருக்கு 3.75 ரியால். அதனால் ரியால் தனியாக இறங்காது, டாலர் இறங்கினால்தான் இறங்கும். ஒரு வாரம் காத்திருந்து கிடைப்பதைவிட, ரேட்டை நாலு கடையில் விசாரிப்பதில் கிடைப்பது அதிகம். உங்கள் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்துபோகிறவர்கள் நிறைய, ரியால் தாராளமாகப் புழங்குகிற இடம், அதனால் ஊரிலேயே ரியாலாக வாங்குங்கள். டாலராகக் கொண்டுபோனால் 100 டாலருக்கு 375-ஐ ஒட்டி வருகிறதா என்று மட்டும் பாருங்கள், அதற்கு வெகுவாகக் கீழே சொன்னால் அடுத்த கடை.

அம்மாவிடம் கட்டாயம் கொடுங்கள். கையில் காசே இல்லாமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிற்பது வயதானவர்களுக்குப் பெரிய வேதனை. பெரிய தொகையை உங்கள் இடுப்புப் பையில் சட்டைக்குள் வையுங்கள், இரண்டாவது கார்டை அறையில் பெட்டிக்குள் பூட்டி வையுங்கள். அம்மாவுக்கு அவர் பழகிய சுருக்குப்பையே போதும், அதில் 5, 10 ரியால் நோட்டுகளாக 100 ரியால் போட்டு, ஹோட்டல் பெயரும் உங்கள் போன் நம்பரும் அரபியிலும் எழுதிய ஒரு சீட்டைச் சுருட்டி உள்ளே வையுங்கள். தினமும் இரவு அதைத் திறந்து, தீர்ந்ததை நிரப்பிவிடுங்கள், எதற்குச் செலவு செய்தார் என்று கேட்காதீர்கள்.